முரல்

என் எழுத்துருவுக்கு முரல் என்று பெயர் வைத்தேன்.
மெலிந்தது, நீண்டது,
மூக்கால் வழி தேடுவது.
கூடை நிரம்பிய பிறகும்
நடுவில் ஒன்றைச் செருகலாம்.

தொண்ணூறில்,
பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் பாய் விரித்த வருஷம்,
இரண்டு பேருக்கு ஒரு கொப்பிதான் கிடைத்தது.
அண்ணன் அடிமட்டம் வைத்து
தாள் தாளாக நெடுக்குக் கோடு போட்டான்.
மாஜின் தின்ற இடப்பக்கம் எனக்கு,
மிச்சம் அவனுக்கு.
மூன்று விரல் அகலத்தில் எழுதிப் பாருங்கள்:
அண்ணன் என்ற சொல்லிலேயே எட்டுச் சுழி.
எட்டும் அவன் காணிக்குள் கால் நீட்டும்.
சுழிகளை நெருக்கி நிமிர்த்தினேன்.
கொம்புகளை ஊசியாக்கினேன்.
'ழ'வின் வாலைத்தான்
எந்தப் பக்கமும் மடிக்க முடியவில்லை.
டீச்சர் சொன்னா:
"உன்ர எழுத்தெல்லாம்
மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

இப்போது மத்திய வீதியில்
முபாரிஸின் பிளெக்ஸ் கடையில்
அதே எழுத்தைக் கணினிக்குள் ஏற்றி வைத்திருக்கிறேன்.

முதலில் கேட்டது கல்முனை பஸ்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழப் பலகை,
அதில் மூதூர், வாகரை, மட்டக்களப்பு எல்லாம் ஏறவேண்டும்.
ஏறின. ஒருவரும் மிதிபலகையில் தொங்கவில்லை.
பிறகு வள்ளங்கள்.
நிலாவெளியில் ஒரு முனைப்பலகையில்
'சதா சகாய மாதா துணை' முழுசாகவே பிடித்தது,
துணையை வெட்டவேண்டி வரவில்லை.

கலியாணக் கார்ட்டுக்குக் கேட்டு ஒரு சோடி வந்தது.
வேண்டாம் என்றேன்,
பெயர்கள் இரண்டும் நெரிசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.
"ஒரு அறை வீடுதான் எடுத்திருக்கிறம்,"
என்றாள் பொம்பிளை,
"அப்பிடியே இருக்கட்டும்."

மருந்துப் பைக்கு மட்டும் கொடுக்கமாட்டேன்.
முரல் பெரிதாக நிற்கவேண்டியது.
சிறுத்தால் காலையும் மாலையும் ஒன்றாகிவிடும்,
யாரோ ஒருவர்
இரவுக் குளிசையோடு விடியலில் தூங்குவார்.

திணைக்களப் பலகை ஒன்று வந்தது.
மூன்று மொழி, ஒரே அகலம்.
சிங்களம் அளவாக முடிந்தது,
ஆங்கிலம் அதற்கும் முதல்.
எங்களுடையது
நீரியல்வள முகாமைத்துவப் பிராந்திய என்று
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
வழமையாக இந்த இடத்தில்
மூலையைப் பிடித்து உள்ளே தள்ளுவார்கள்.
அகலம் குறைய, கூடவே உயரமும் போகும்.
தமிழ், வரிசையில் நிற்கிற பிள்ளை மாதிரி
இரண்டு பேருக்கிடையில் எட்டி எட்டிப் பார்க்கும்.
நான் முரலை வைத்தேன்.
அகலத்தைக் கொடுத்தது,
உயரத்தைக் கேட்டபோது தரவில்லை.
பலகை பொருத்த வந்த லசந்த
ஏணியில் நின்று
மூன்று வரிக்கும் விரலால் சாண் போட்டான்.
"ஹரி" என்றான், ஆணியைக் கேட்டான்.

படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன்.
ஸ்காபரோவில் அப்போது பனி தள்ளிக்கொண்டிருந்தானாம்.
"இதில பாதி என்ர."
எப்படி?
"கோடு போட்டது ஆர்?"
அவனுடைய கையொப்பம் இன்றைக்கும்
பெட்டிக்கு வெளியே போகும்,
வங்கி இரண்டு முறை திருப்பியிருக்கிறது.

நேற்றுக் கோட்டை வாசலடியில்
நான் அமைத்த இசைவிழா நோட்டீசை
மான் ஒன்று தின்றுகொண்டு நின்றது.
கோதுமைமாப் பசையில் அதற்கு ஆசை.
பக்கத்து ரியூசன் நோட்டீசில்
கடிக்கு ஓர் எழுத்துத்தான் போயிருந்தது,
என்னுடையதில் மூன்று.
சூ என்றேன்.
தலையை நிமிர்த்தி
என்னை மேலும் கீழும் பார்த்தது.
கடைவாயில் 'ழ'வின் வால்
வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.